எருமைச் சித்தப்பா எழுந்திருக்கவில்லை

ஜனவரி 4, ஞாயிறு

கொழுக்கட்டை பதிப்பகத்திலிருந்து சாருமதி போன் செய்தாள். அங்கே பதிப்பாசிரியராக உட்கார்ந்து நாலு வருஷம்தான் ஆகிறது, பேச்சில் நாற்பது வருஷத்து அலுப்பு. என்னுடைய ‘பட்டாணிச் சித்தப்பா’ குழந்தைக் கதை வரிசை கடைகளில் கிடைக்காமல் போய் ஏழெட்டு வருஷமாகிறதே, மறுபதிப்பு எப்போது என்று வழக்கம்போல் கேட்டேன். “பாக்கலாம் ஐயா” என்று அவளும் வழக்கம்போல் சொன்னாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

குழந்தைகளுக்குச் சிரிப்புப் படப் புத்தகம் செய்ய ஆசைப்படும் புதியவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்களாம். ஒருவன் எழுதுகிறவன், ஒருத்தி வரைகிறவள். இருவரும் என் ஊர், திருச்சி. ஞாயிற்றுக்கிழமைதோறும் என் வீட்டுக்கு வருவார்கள். நான் அவர்களைப் பழக்கி, ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஒரு புத்தகமாக வெளியே தள்ள வேண்டும்.

“பிள்ளைங்க சிரிச்சிட்டாங்கன்னா அந்தச் சூட்டோட உங்க வரிசையையும் மறுபடி கொண்டு வந்துரலாம் ஐயா. ஆபீஸ்ல பேசிட்டேன்.”

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, காபி ஆறுவதற்குள் நானே கூப்பிட்டுச் சரி என்றேன். இப்போது ஊரில் ஒரு குழந்தைக்கும் பட்டாணிச் சித்தப்பாவைத் தெரியவில்லை. போன மாதம் எதிர்வீட்டுப் பையன் என்னைப் பார்த்து, “கேபிள் அங்கிளா?” என்று கேட்டான். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாட்குறிப்பில் பொய் எழுதி யாரை ஏமாற்றப் போகிறேன்.

தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர் செய்கிறது.

ஜனவரி 11, ஞாயிறு

வந்தார்கள். எழுதுகிறவன் பெயர் சகாயராஜ். முப்பது வயது இருக்கும். ஒரு கேஸ் ஏஜென்சியில் போனில் புகார் கேட்கிற வேலை. சிலிண்டர் வராதவர்கள் நாள் முழுக்க அவனைத் திட்டுவார்கள், அவன் “மன்னிச்சுக்குங்க மேடம்” என்பான். வரைகிறவள் நிஷா. விலங்கியல் படித்து முடித்துவிட்டு, கல்லூரிப் பிள்ளைகளுக்கு ரெக்கார்டு நோட்டில் தவளை, கரப்பான் படம் போட்டுக் கொடுக்கிறாள். வாயைத் திறப்பதில்லை.

என் வீட்டு முன்னறையில் ஒரே ஒரு மின்விசிறி. அதன் கீழே என் பிரம்பு நாற்காலி. அவர்களை ஜன்னலோர பெஞ்சில் உட்காரச் சொன்னேன். அங்கே பதினோரு மணிக்கு மேல் வெயில் விழும். விழட்டும். வியர்க்காமல் யார் எழுதக் கற்றுக்கொண்டார்கள்.

சகாயராஜ் ஒரு கதை வாசித்தான். தும்மல் வந்தும் வராமல் நிற்கிற யானை. எந்த நேரம் தும்முமோ என்று காடே பயந்து மரத்தைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறது. தினமும் தன் மகளுக்குச் சொல்லித் தூங்க வைக்கிற கதையாம். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாளாம். நான் வாயில் ஒரு காய்ந்த நெல்லிக்காயைப் போட்டுக்கொண்டேன். அதை மெல்லாமல் எனக்கு யோசனை ஓடாது. அவர்கள் இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மென்று முடித்து, “தேறாது” என்றேன்.

“எங்க சார் தப்பு?”

“உம் மக உன்னப் பாத்துச் சிரிக்கிறா. கதையப் பாத்து இல்ல. வீட்டுக்குப் போயி, இந்தக் கதை தேறாதுன்னு சார் சொன்னாருன்னு அவகிட்டயே சொல்லு. என்ன சொல்றான்னு அடுத்த வாரம் வந்து சொல்லு.”

போகும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனான். திரும்பி வந்து மாற்றிக்கொண்டான். அவன் கதையில் இல்லாத சிரிப்பு அதில் இருந்தது.

ஜனவரி 18, ஞாயிறு

மகள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். பெயர் ஜோவிட்டாவாம். ஐந்து வயது. “அப்ப இனிமே சொல்ல வேணாம்ப்பா” என்றாளாம். அந்தக் குழந்தைக்கு இருக்கிற தெளிவு அப்பனுக்கு இல்லை. நல்ல விமர்சகி என்று பாராட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். குட்டக் குட்டக் குனிபவன் முட்டாள் என்பார்கள், இவன் அந்த ரகம்.

நிஷா படங்களைக் காட்டினாள். ஒவ்வொரு தவளையும் மெழுகுத் தட்டில் ஊசி குத்திப் படுக்க வைத்த மாதிரி இருந்தது. “பொணம் வரையிற கை” என்றேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்னுடைய முதல் விதியைச் சொல்லிக் கொடுத்தேன். போனில் பார்த்து வரையக் கூடாது. கண் முன்னால் உயிரோடு இருக்கிற ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவன் உட்காருவது, எழுவது, தின்பது, முறைப்பது எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து, கண்ணை மூடினாலும் கை வரைகிற அளவுக்கு வரைய வேண்டும். அப்புறம் அவனுக்கு எந்த மிருகத்தின் தோலையும் போர்த்தலாம்.

“யார வேணா வரையலாமா சார்?” என்று கேட்டாள். அவள் பேசிய முதல் வார்த்தை.

“யார வேணா. பெரிய மனுஷனா இருந்தா நல்லது. விழுறதுக்கு ஒசரம் வேணும்ல.”

ஜனவரி 25, ஞாயிறு

நிஷா முன்னேறுகிறாள். நான் பேசப் பேச நோட்டைக் கீழே வைக்காமல் எழுதிக்கொண்டே இருக்கிறாள். நான் நெல்லிக்காய் மெல்லும்போதுகூட எழுதுகிறாள். என்னதான் எழுதுவாளோ.

பாடம் முடிந்து மருந்துக் கடைக்கு நடந்தேன். குடையை எப்போதும்போல் சட்டைக் காலரில் பின்பக்கமாக மாட்டித் தொங்கவிட்டுக்கொண்டேன். இரண்டு கையும் சும்மா இருக்கும், சௌகரியம். தெருமுனை வரை இருவரும் என் பின்னாலேயே வந்தார்கள். மரியாதை தெரிந்த பிள்ளைகள்தான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்று சகாயராஜை நிற்க வைத்து ஒரே பக்கத்தை மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னேன். சிரிப்பு எந்த இடத்தில் செத்தது என்று அவனே கண்டுபிடிக்கட்டும் என்றுதான். மூன்றாம் தடவை குரல் கம்மியது. அதற்குப் பிறகு வெறும் சத்தம். நிறுத்து என்று நான் சொல்லவில்லை. திலகவதி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவள் என் மனைவி என்றாலும் இலக்கியம் அறியாதவள்.

கடைசியில் கேட்டேன். “கோவம் வரலியாய்யா உனக்கு?”

“பழகிருச்சு சார். ஆபீஸ்ல இதவிட அதிகம்.”

“எரும மாட்டு மேல மழ பேஞ்ச மாதிரில்ல நிக்கிற.”

அதைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தான். ஏதோ பிடிபட்ட முகம். நிஷாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் நோட்டில் ஒரு பக்கம் திருப்பினாள்.

சாப்பிடும்போது அந்தக் குனிகிறவன் பழமொழியைத் திலகவதியிடம் சொன்னேன். “அதுக்கு இன்னொரு பாதி இருக்குல்ல” என்றாள். ரசத்தில் உப்பு குறைவு.

பிப்ரவரி 15, ஞாயிறு

என் திட்டு வீண் போகவில்லை. எருமையையே கதையாக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

ஊருக்கு ஒரே குளம். குளத்தின் நடுவில் ஒரு எருமை மாமா. எப்போதும் படுத்தே இருக்கிறார். வாத்து வந்து குட்டிக்கரணம் போட்டுக் காட்டுகிறது, தவளை தாவிக் காட்டுகிறது, ஆமை தலைகீழாக மிதந்து காட்டுகிறது. எருமை ஒவ்வொன்றையும் பார்த்து அசை போடுகிறது. பக்கத்தைத் திருப்பினால், “ம்ம்ம்… சரியில்ல.” கோடை வந்து குளம் வற்றுகிறது. எருமை சேற்றில் மாட்டிக்கொள்கிறது. எல்லாப் பிராணிகளும் சேர்ந்து இழுத்துவிடுகின்றன. எருமை முதல் தடவையாகச் சிரிக்கிறது.

எலும்பு இருக்கிறது. வாயில் சிரிப்பு வந்தது, நெல்லிக்காயைப் போட்டு அடக்கிக்கொண்டேன். “தேறாது” என்றேன், கொஞ்சம் மெதுவாக.

மார்ச் 1, ஞாயிறு

நிஷாவுக்கு நோன்பு. தண்ணீர்கூடக் கிடையாதாம். நெல்லிக்காய் டப்பாவை நீட்டியபோதுதான் சொன்னாள். நான் மெல்லுவதை நிறுத்தவில்லை, பழக்கம். வெயில் அவள் பக்கம் விழுந்துகொண்டிருந்தது. பெஞ்சை நகர்த்தலாமா என்று சகாயராஜ் கேட்டான். பாடத்தின் நடுவில் பெஞ்சை இழுத்தால் தரையில் கோடு விழும் என்றேன்.

ஆனால் பிரமாதமாகக் கொண்டு வந்திருந்தாள். வெள்ளைத்தாளை மடித்துப் பின் அடித்த மாதிரிப் புத்தகம், டம்மி என்போம், அது நிறைய எருமை. பிணம் வரைகிற கை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எருமையின் காதில் முடி கத்தையாகத் தொங்குகிறது. இடது புருவம் மட்டும் தூக்கி நிற்கிறது. அசை போடும்போது தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொள்கிறது. உயிரோடு ஒரு ஆளைப் பிடித்துவிட்டாள் என்று பார்த்ததும் தெரிந்தது. யாரம்மா என்று கேட்டேன்.

“தெரிஞ்சவர்தான் சார். வாராவாரம் பாக்குறேன்.”

கல்லூரித் துறைத்தலைவராக இருக்கும். அந்த மனுஷன்மேல் எனக்குப் பரிதாபமே வந்தது. விடாதே, இன்னும் நெருங்கிப் போய்ப் பார் என்றேன். வால் மட்டும் ஒரு மாதிரி இருந்தது. கழுத்துக்குப் பக்கத்திலிருந்தே தொங்குகிறது, மேலே கொக்கி மாதிரி வளைவு. எருமைக்கு அப்படி இருக்குமா என்றேன். சிலதுக்கு இருக்கும் சார் என்றாள். விலங்கியல் படித்தவள், விட்டுவிட்டேன்.

மார்ச் 2, திங்கள்

டம்மி மேஜைமேல் இருந்தது. திலகவதி எடுத்துப் புரட்டினாள். முதல் பக்கத்திலேயே சிரிக்க ஆரம்பித்தாள். கொக்கி வால் பக்கம் வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர். நான் கொடுத்த பழக்கம் எப்படி வேலை செய்கிறது பார் என்றேன். “ஆமாங்க, நல்லா வேலை செய்யுது” என்றாள்.

பிறகு காதுமுடியை வெட்டிக்கொள்ளச் சொன்னாள். இப்போது எதற்கு அது.

மார்ச் 15, ஞாயிறு

இன்று மூன்று திருத்தம் சொன்னேன். மூன்றும் சிரிப்பின் சூட்சுமம்.

‘சரியில்ல’ என்பது செத்த வார்த்தை. எருமை ‘தேறாது’ என்று சொல்லட்டும். குழந்தைகள் கூடவே சொல்லும். எருமை எப்போதும் நிழலிலேயே கிடக்கட்டும், மற்ற பிராணிகள் வெயிலில் நிற்கட்டும். அப்போதுதான் அதன்மேல் ஆத்திரம் வரும். அப்புறம் ‘எருமை மாமா’ வேண்டாம். ஊரில் எல்லாருக்கும் ஒரு மாமா இருக்கிறார். சித்தப்பா என்று சொல்லும்போதே வாய் குவிந்து சிரிப்பு வருகிறது, அதை நான் முப்பது வருஷமாக நிரூபித்தவன். ‘எருமைச் சித்தப்பா’ என்று வை என்றேன். என் வரிசைக்கும் ஒரு வணக்கம் வைத்த மாதிரி ஆயிற்று.

சகாயராஜ் பேனாவை மூடிவிட்டான். “வேணாம் சார். மாமாவே இருக்கட்டுமே.”

முதல் தடவையாக எதிர்த்துப் பேசுகிறான். அவன் கெஞ்சுகிற மாதிரிகூட இருந்தது. நிஷா குறுக்கே வந்தாள். “சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்ணா. எழுதுங்க.”

இந்தப் பெண் தேறும்.

மார்ச் 24, செவ்வாய்

கொலஸ்டிரால் மாத்திரை தீர்ந்துவிட்டது. சாருமதி போன். டம்மியைப் பார்த்து ஆபீஸே சிரிக்கிறதாம். அச்சுக்கு முன்னால் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் வாசித்துப் பார்க்கலாமா, நீங்களே போய் வாசிக்கிறீர்களா என்றாள். தேவையில்லை என்றேன். வேகும்போதே மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் சோறு விறைத்துப் போகும். குழந்தைகளை எனக்குத் தெரியும்.

“ஐயா, எருமைய உங்களுக்குப் புடிச்சிருக்கா?” என்று இழுத்தாள்.

“பெத்த புள்ள மாதிரி.”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. லைன் சரியில்லை போல.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர் என்று சகாயராஜ் லீவு கேட்டிருந்தான். சிரிப்புக்கு ஏது லீவு. பூசை முடிந்து புதுச்சட்டையோடு வந்தான், கூடவே அந்த மகள். வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றாள். “நீதான அந்தத் தும்மல் யானை?” என்றேன். அப்பன் காலுக்குப் பின்னால் போய்விட்டாள். பாடம் முடியும் வரை அங்கிருந்தே கண்கொட்டாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று முடிவைத் திருத்தினேன். பிராணிகள் எருமையை இழுத்துவிடுவது படுமட்டம். சர்ச்சுப் பிரசங்கத்தில் சொல்ல வேண்டிய கதை. குழந்தைகளுக்கு இரக்கம் கிடையாது, பெரியவர்கள்தான் அதை ஊசி போட்டு ஏற்றுகிறோம். எருமை சேற்றிலேயே கிடக்கட்டும். எழப் பார்க்கட்டும், முடியாமல் போகட்டும். எல்லாப் பிராணிகளும் கரையில் வரிசையாக உட்கார்ந்து பார்க்கட்டும். எல்லாரும் அசை போடட்டும். பக்கத்தைத் திருப்பினால் எல்லாரும் சேர்ந்து, “தேறாது.” முடிந்தது கதை.

சகாயராஜ் டம்மியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தான். “அந்தக் கடைசிப் பக்கத்துக்காகத்தான் சார் இந்தக் கதைய எழுதுனேன். யாராவது வந்து இழுத்து விடணும்ல.”

“ஏன் விடணும்?”

“பாவம் சார்.”

“பாவம் பாத்தா புத்தகம் விக்காது. நீ சிலிண்டரே எடுத்துக் குடுத்துட்டு இரு. இந்தக் கடைசிப் பக்கம் இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன். புத்தகம் வராது.”

குழந்தை அழுதது. அவன் பக்கத்தைக் கிழித்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கிழிக்கச் சொன்னால் கிழிக்க வேண்டும், மடித்து வைத்துக்கொள்வது என்ன பழக்கம்.

மே 3, ஞாயிறு

அக்கினி வெயில் நாளைக்கு ஆரம்பம். நிஷா வண்ணம் முடித்துவிட்டாள். சேற்றில் கிடக்கிற எருமையின் முகத்தை நான் ரொம்ப நேரம் பார்த்தேன். எங்கோ பார்த்த முகம். செத்துப்போன என் அண்ணன் சாயல் இருக்கிறது. அவன் இப்படித்தான், தன்னைத் தவிர யாரும் மனுஷன் இல்லை என்பான். அவனுக்கு என்னைப் புரிந்ததே இல்லை.

ஜூன் 7, ஞாயிறு

அடுத்த ஞாயிறு விழா. உறையூரில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். முந்நூறு பிள்ளைகளாம். புத்தகத்தை நான்தான் வாசிப்பேன் என்று சாருமதியிடம் உறுதியாகச் சொல்லிவிட்டேன். சகாயராஜ் வாசித்தால் கேஸ் புக்கிங் மாதிரி இருக்கும். பிள்ளைகளுக்குப் புத்தகத்தை முதல் நாளே கொடுத்துவிடச் சொன்னேன். கதை தெரிந்திருந்தால்தான் கூடச் சேர்ந்து கத்துவார்கள்.

கண்ணாடி முன் வாசித்துப் பார்த்தேன். வாத்துக்கும் தவளைக்கும் குரலை மாற்ற வேண்டியிருக்கிறது. எருமைக்கு மாற்றவே வேண்டாம், தானாக வருகிறது. அனுபவம் என்பது இதுதான்.

மறுபதிப்பு ஒப்பந்தம் தயாராகிறது என்றாள் சாருமதி. பட்டாணிச் சித்தப்பா திரும்பி வருகிறார்.

ஜூன் 14, ஞாயிறு

விழா நடந்தது. திலகவதி சாப்பிடக் கூப்பிட்டாள். பசி இல்லை.

ஜூன் 15, திங்கள்

மோட்டார் ரிப்பேர்.

ஜூன் 18, வியாழன்

எழுதாமல் இருந்தால் இன்னும் மோசமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

விசேஷ விருந்தினர் கொஞ்சம் தாமதமாகத்தான் போக வேண்டும். மழை வருகிற மாதிரி இருந்ததால் குடையைக் காலரில் மாட்டிக்கொண்டு போனேன். மண்டபத்துக்குள் நுழைந்ததும் சத்தம் நின்றது. முந்நூறு முகமும் திரும்பின. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எத்தனை வருஷமாயிற்று இப்படி ஒரு அமைதியைப் பார்த்து. அப்போது முன்வரிசையில் ஒரு சின்னக் குரல், அந்த வெள்ளைக் கவுன், “அப்பா, தேறாது சித்தப்பா வந்துட்டாரு” என்றது.

மண்டபம் இடிந்து விழுந்தது. பிள்ளைகள் பெஞ்சுமேல் ஏறி நின்றார்கள். என் பின்னால் கைகாட்டி, “வாலு, வாலு” என்று கத்தினார்கள். நான் பட்டாணிச் சித்தப்பாவை அடையாளம் கண்டுகொண்டார்கள் என்று நினைத்துக் கையை ஆட்டினேன். ஆட்டிக்கொண்டே மேடை ஏறினேன். ஆட்டியதில் பின்னால் குடையும் ஆடியிருக்கும்.

மேடையில் மைக்குப் பக்கத்தில் அட்டையில் வெட்டிய எருமை ஆளுயரத்துக்கு நின்றது. அதுவரை அதைத் தாளில்தான் பார்த்திருக்கிறேன், உள்ளங்கை அளவில். என் உயரத்தில் பார்த்ததில்லை. அதன் பக்கத்தில் போய் நின்றேன். காது, புருவம், தாடை, கழுத்துக்குப் பக்கத்திலிருந்து தொங்குகிற கொக்கி வால். கை தானாகச் சட்டைப் பைக்குள் போய் ஒரு நெல்லிக்காயை எடுத்து வாயில் போட்டது. அது தவறு. முந்நூறு தாடைகள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு அசை போட்டன. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மென்றேன். முடித்ததும் எல்லாரும் ஒரே குரலில், “தேறாது.”

புத்தகத்தை வாசிக்க ஒப்புக்கொண்டவன் நான்தானே. வாசித்தேன். கடைசிப் பக்கம் வரை வாசித்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சிரித்தார்கள். நான் மூச்சு வாங்கினால் சிரித்தார்கள். கண்ணாடியைத் துடைத்தால் சிரித்தார்கள். வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது, அழுதால் அதற்கும் சிரிப்பார்கள் என்று அடக்கிக்கொண்டேன். முப்பது வருஷம் எழுதியிருக்கிறேன். என் புத்தகம் எதற்கும் ஒரு மண்டபம் இப்படிச் சிரித்ததில்லை. அதையும் எழுதிவிட வேண்டும்.

ஜூன் 19, வெள்ளி

திலகவதியைக் கேட்டேன், எப்போது தெரியும் என்று.

“மார்ச்சு மாசமே தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நிறுத்தியிருப்பீங்க.” கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள். “முப்பது வருஷமா உங்க புத்தகத்துக்கெல்லாம் சிரிச்சிருக்கேன். இதுக்குத்தாங்க சிரிப்பு வந்துச்சு.”

ஜூன் 21, ஞாயிறு

வரமாட்டார்கள் என்று நினைத்தேன். வழக்கமான நேரத்துக்கு வந்தார்கள். பெஞ்சிலேயே உட்கார்ந்தார்கள். சகாயராஜ் என் முகத்தைப் பார்க்கவில்லை. நிஷா பார்த்தாள்.

“ஏன்?” என்று கேட்டேன்.

“கண்ணு முன்னாடி இருக்குறவங்கள வரையச் சொன்னீங்க சார். ஆறு மாசமா எங்க கண்ணு முன்னாடி வேற யாரு இருந்தா?” குரலை உயர்த்தவில்லை. “பெரிய மனுஷனா பாருன்னீங்க. நெருங்கிப் போயிப் பாருன்னீங்க. பாத்தேன்.”

சகாயராஜிடம் திரும்பினேன்.

“மொதல்ல எழுதும்போது நீங்கன்னு நெனைக்கல சார், சத்தியமா. நெழல்ல படுக்க வச்சது நீங்க. தேறாதுன்னு சொல்ல வச்சது நீங்க. சித்தப்பான்னு வச்சதும் நீங்க. நீங்க திருத்தத் திருத்தத்தான் அது நீங்களா ஆயிருச்சு. வேணாம்னு சொன்னேன். கேக்கல.”

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என் மேஜைமேல் வைத்தான். பிரித்துப் பார்க்காமலே தெரிந்தது, வாத்தும் தவளையும் ஆமையும் கயிறு கட்டி இழுக்கிற பக்கம்.

“நான் இழுத்து விட்டிருந்தேன் சார். நீங்கதான் வேணாம்னீங்க.”

அடுத்த பதிப்பில் அதைச் சேர்க்கலாமே என்றேன். கேட்டதே தப்பு. இருந்தாலும் கேட்டேன்.

அவன் நிஷாவைப் பார்த்தான். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். வாயில் ஒன்றும் இல்லை, ஆனால் தாடை அசைந்தது. “அந்தப் பக்கம் இருந்தா சிரிப்பு போயிரும் சார்” என்றாள். “நீங்க சொன்னது கரெக்ட்தான்.”

ஜூன் 25, வியாழன்

சாருமதி போன். முதல் அச்சு தீர்ந்துவிட்டதாம். பள்ளிக்கூடங்கள் வரிசையாகக் கூப்பிடுகின்றனவாம், புத்தகத்தை மட்டுமில்லை, எருமைச் சித்தப்பாவையும். மறுபதிப்பு உறுதி. அட்டையில் மட்டும் ஒரு வரி சேர்ப்பார்கள்: ‘எருமைச் சித்தப்பா எழுதிய பட்டாணிச் சித்தப்பா கதைகள்.’ அதற்கு ஈடாக நான் ஊர் ஊராகப் போய் வாசிக்க வேண்டும். குடையோடு. கொம்பும் வைத்துக்கொண்டால் நல்லது என்றாள்.

“எம் பேரு பரஞ்சோதி” என்றேன்.

“அது பெரியவங்களுக்கு ஐயா. பிள்ளைங்களுக்கு இப்ப உங்களத் தெரியுதுல்ல.”

போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 28, ஞாயிறு

யாரும் வரவில்லை. பெஞ்சில் வெயில் விழுந்து, நகர்ந்து, போயிற்று. சாயங்காலம் எதிர்வீட்டுப் பையன் கேட்டில் தொங்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டான். கேபிள் அங்கிள் என்று கூப்பிடவில்லை.

ஜூன் 29, திங்கள்

சாருமதியை நானே கூப்பிட்டேன். சரி என்றேன்.

ஜூலை 6, திங்கள்

முதல் பள்ளிக்கூடம் லால்குடியில். வேன் வந்து வாசலில் நிற்கிறது. திலகவதி குடையைத் துடைத்து எடுத்து வைத்திருக்கிறாள். கொம்பை நிஷா செய்து அனுப்பியிருக்கிறாள். அட்டையில் கறுப்புத் துணி ஒட்டி, உள்ளே தலை வலிக்காமல் இருக்கப் பஞ்சு வைத்திருக்கிறாள். அளவு எடுக்க அவள் வரவே இல்லை. போட்டுப் பார்த்தேன். கச்சிதமாக இருக்கிறது.